பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பணி: தில்லியில் எதில் சேர்வது?

ஆர்.கே. புரத்தில் பிறந்து வளர்ந்து, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கும் என் அக்கா மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலை அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, நகரத்துக்குள் இருக்கும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவும் சம வாய்ப்புப் பிரிவில் ஒப்பந்தப் பணி. மற்றொன்று, அரியானா எல்லையைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கற்றல் ஆதரவு அலுவலகத்தில் நிரந்தரப் பணி. இவை போக, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஓர் அறக்கட்டளை, எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று வாய்மொழியாகச் சொல்லி வைத்திருக்கிறது. "சித்தி, நீங்கள் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர், எதில் சேரட்டும்?" என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதிலாக அது இல்லை. இதே கேள்வியோடு நிற்கும் வேறு சிலருக்கும் உதவும் என்பதால் எழுதியே விடுகிறேன்.

நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளும் பிறகு ஓர் அறக்கட்டளையில் நான்கு ஆண்டுகளும் வேலை பார்த்தவள். தனியார் பல்கலைக்கழகத்தில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த என் பழைய சகாக்கள் மூவரோடு இன்றும் பேசிக்கொண்டிருப்பதால் தெரிந்ததை வைத்து அந்தப் பகுதியை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும். அதை மறைக்கும் உத்தேசம் இல்லை.

இந்த வேலையை மலை மந்திர் முருகன் கோயிலில் சந்திக்கும் உறவினர்கள் "புண்ணிய காரியம்" என்பார்கள். புண்ணியம் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு சம்பளத்தைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் பேசுவது அநாகரிகமாகிவிடுகிறது என்பதால், அந்தச் சொல்லை ஆரம்பத்திலேயே அப்புறப்படுத்திவிட வேண்டும். விதி, கோப்பு, தேர்வு அட்டவணை, தொலைபேசி, ஓயாத பேச்சுவார்த்தை ஆகியவற்றால் ஆன அலுவலகப் பணி இது. அன்பு தேவைதான், ஆனால் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு யாருடைய கையெழுத்து வேண்டும், அவர் எந்த அறையில் இருப்பார் என்று தெரிந்திருப்பது அன்பைவிட அதிகமாகப் பயன்படும்.

மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. இதன் 32-ஆம் பிரிவு, அரசு உயர்கல்வி நிறுவனங்களும் அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. நிதியுதவி பெறாத தனியார் பல்கலைக்கழகத்தை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவோ அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்துப் பேசுகிறது. சேர்த்துக்கொண்ட மாணவருக்குத் தேவையான தக்க மாற்று ஏற்பாடுகளைச் செய்து தரும் பொறுப்பை அவற்றுக்கும் விதிக்கிறது. ஆகவே அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் ஒதுக்கீட்டின் வழியாகப் பெருந்தொகையாக வருகிறார்கள். தனியார் வளாகத்துக்குக் கட்டணம் கட்ட முடிந்தவர்களும் உதவித்தொகை பெற்றவர்களும் சிறுதொகையாக வருகிறார்கள். உங்கள் நாற்காலிக்கு எதிரே வந்து உட்காரப் போகிறவர் யார் என்பதை இந்த இரண்டு பிரிவுகளும் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடுகின்றன.

அரசுப் பல்கலைக்கழகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் தெரிந்த இடம் என்பதால். தில்லிப் பல்கலைக்கழகத்தின் சம வாய்ப்புப் பிரிவு 2006-இல் தொடங்கப்பட்டது. ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஹெலன் கெல்லர் பிரிவு இருக்கிறது. தில்லி ஐ.ஐ.டி.யிலும் இதற்கென்று தனி அலுவலகம் உண்டு. பெயர்கள் வேறுபட்டாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும்: மேலே, பாடம் நடத்தும் பொறுப்போடு இதையும் கூடுதலாகச் சுமக்கும் ஒரு பேராசிரியர், கீழே, ஒப்பந்தத்தில் இருக்கும் சில பணியாளர்கள். பேராசிரியர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார். முந்தைய ஆண்டு என்ன நடந்தது என்ற நினைவு முழுவதும் ஒப்பந்தப் பணியாளரிடம்தான் இருக்கும். அந்த நினைவுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கிடையாது.

வருபவர்களில் கணிசமானோர் பார்வை மாற்றுத்திறனாளிகள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இந்தி வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு, விடுதி, உதவித்தொகை விண்ணப்பம் என்று போகும். பிறகு பாடநூல்கள். ஆசிரியர் தரும் பாடப்பகுதி பெரும்பாலும் ஒளிநகலை மறுபடி ஒளிநகல் எடுத்து வருடிய கோப்பாக இருக்கும். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது எழுத்தே இல்லாத வெற்றுப் படம். இந்தியில் தட்டச்சு செய்த குறிப்புகள் யூனிகோடு அல்லாத பழைய கிருதி தேவ் எழுத்துருவில் வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. கண்ணுக்கு அழகான தேவநாகரியாகத் தெரியும் பக்கத்தை, என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். தமிழ் வாசகர்களுக்குப் பாமினி என்று சொன்னால் உடனே விளங்கும். நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழ் எடுத்த ஒரு மாணவர், பாமினியில் தட்டிய இலக்கண வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது, அந்த அலுவலகத்திலேயே அதைப் படித்துக்காட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு ஒரு சிறு கர்வம்கூட இருந்தது.

ஆனால் இந்த வேலையின் சாரம் தேர்வுக் காலத்தில்தான் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, எழுதுவதில் இடர் உள்ள தேர்வருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுநேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். தேர்வர் சொல்லச் சொல்ல எழுதும் பதிலி எழுத்தரைத் தேர்வரே அழைத்து வந்தால், அவருடைய கல்வித்தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்றது 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தாளில் இவை இரண்டு வரிகள். நடைமுறையில், காலை ஒன்பது மணித் தேர்வுக்கு எட்டரை மணிக்கு எழுத்தர் காய்ச்சல் என்று செய்தி அனுப்புவார். மாற்றாகக் கிடைப்பவர் ஆங்கில வழியில் படித்த முதலாண்டு மாணவியாக இருப்பார்; தேர்வர் இந்தியில் சொல்லச் சொல்ல, "சமஷ்டி அர்த்தசாஸ்திரம்" (பேரியல் பொருளாதாரம்) என்ற சொல்லிலேயே அந்தப் பெண் தடுமாறி நின்றுவிடுவார். தேர்வரின் மதிப்பெண், அவருக்குத் தெரிந்ததைப் பொறுத்து அமையாமல், எழுத்தருக்கு எழுதத் தெரிந்ததைப் பொறுத்து அமைந்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு தேர்வரையும் ஓர் எழுத்தரோடு இணைத்து, இருவரையும் இரண்டு மூன்று முறை சேர்ந்து பயிற்சி செய்ய வைப்பதுதான். அதை ஒழுங்காகச் செய்த பருவங்களில் எனக்குத் தூக்கம் வந்தது.

இந்த இடத்தின் பெரிய குறை சம்பளம் என்று பலரும் நினைப்பார்கள். சம்பளம் குறைவுதான், எனக்கு இரண்டு முறை ஒப்பந்தப் புதுப்பிப்பு ஆணை தாமதமாகி மூன்று மாத ஊதியம் மொத்தமாக வந்ததும் உண்டு. ஆனால் என்னை அதிகம் அரித்தது வேறொன்று. பொறுப்பு முழுவதும் உங்களுடையதாக இருக்கும், அதிகாரம் சிறிதும் இருக்காது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவிக்கு இரண்டாம் மாடியில் தேர்வறை ஒதுக்கியிருந்தார்கள்; மின்தூக்கி பழுது. தரைத்தளத்துக்கு மாற்றக் கோரி பத்து நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். ஒப்புதல் வந்தபோது தேர்வு தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதுவரை அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே வினாத்தாளுக்காகக் காத்திருந்தாள். இழந்த நேரத்தை அவளுக்குத் திருப்பி வாங்கிக் கொடுக்க நடத்திய சண்டையில் நான் ஜெயித்தேன் என்றாலும், பிறகு தேர்வுப் பிரிவில் என் கோப்புகள் நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் அதை ஜெயம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இந்த இடத்தில் மட்டுமே கிடைக்கும் ஒரு கல்வியும் உண்டு. சட்டம் மனிதர்கள் மேல் எப்படி இறங்குகிறது என்பதை இங்கேதான் பார்க்க முடியும். குடிமைப் பணித் தேர்வெழுத வந்த, எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் குறைபாடுடைய ஒருவருக்குப் பதிலி எழுத்தர் மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் தீர்ப்பை வழங்கியது. 40 விழுக்காடு என்ற அளவு இட ஒதுக்கீடு போன்ற பயன்களுக்கானது, எழுத்தர் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பது அதன் மையம். அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில், 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தும் எழுத இயலாதவர்களுக்கான வழிகாட்டுதல் வெளியானது. அதற்கு முன்பு, 35 விழுக்காட்டுச் சான்றிதழோடு வந்த மாணவர்களை விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அவர்களில் இருவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இனித் தனியார் வளாகம். அங்கே சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும் குறைவாகவே கண்ணில் படும் என்கிறார்கள் சகாக்கள். வருபவர்களில் பெரும்பகுதியினருக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.எச்.டி., பதற்றம், மனச்சோர்வு போன்றவை இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதவை. இவற்றில் ஏ.டி.எச்.டி. சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. அரசு அலுவலகத்தில் இருப்பவர், சான்றிதழில் உரிய பெயர் இல்லாவிட்டால் கையைப் பிசைவார். தனியார் வளாகத்தின் அலுவலகமோ, உளவியலாளரின் அறிக்கையை வாங்கிப் பார்த்து, தன் சொந்த விதிப்படி கூடுதல் நேரமும் தனி அறையும் தந்துவிடும். இதை ஒரு பெரிய சுதந்திரமாக என் சகா ஒருத்தி சொல்வாள், அது உண்மையும்கூட. பட்டியலுக்காக மாணவரை வளைக்காமல் மாணவருக்காக ஏற்பாட்டை வளைக்க அங்கே முடிகிறது.

அங்கு நாள் போகும் விதமும் வேறு. ஒவ்வொரு மாணவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் எது சிரமம் என்று கேட்டு, பேராசிரியர்களுக்கு ஏற்பாட்டுக் கடிதம் அனுப்பி, குறிப்பெடுக்க ஒரு சக மாணவரை நியமித்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் கூப்பிட்டுப் பேசுவது. அலுவல் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். மாணவரின் குறைபாட்டின் பெயரைக்கூடப் பேராசிரியரிடம் சொல்லாமல், வேண்டிய ஏற்பாட்டை மட்டும் சொல்லும் இரகசியக் காப்பு அங்கே கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசு அலுவலகங்களில், ஒரு மாணவரின் சான்றிதழ் நகல் நான்கு மேசைகளில் கிடந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் இதில் எனக்குப் பொறாமையே உண்டு. சண்டையும் வேறு வகை. "கேட்பவர்களுக்கெல்லாம் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்ற மாணவர்களுக்கு அநீதி இல்லையா" என்று கண்ணியமாகக் கேட்கும் பேராசிரியருக்கு, கண்ணியமாகவும் விடாப்பிடியாகவும் பதில் சொல்லத் தெரிய வேண்டும். பெற்றோர் நேரடியாகத் தொலைபேசியில் வருவார்கள். பதினெட்டு வயது நிறைந்த மாணவரைப் பற்றிப் பெற்றோரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை வாரம் ஒருமுறையாவது முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

சம்பளம் நல்லது, மாதம் தவறாது, மருத்துவக் காப்பீடும் உண்டு. தூரம்தான் தொல்லை. ஆர்.கே. புரத்திலிருந்து மெஜந்தா தடத்தில் ஹௌஸ் காஸ் போய், அங்கிருந்து மஞ்சள் தடத்தில் நகரத்தின் வடக்கே போய், பிறகு பல்கலைக்கழகப் பேருந்தைப் பிடித்து ஜி.டி. கர்னால் சாலையில் போக வேண்டும். இதில் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரமாவது கரையும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ அதே மஞ்சள் தடத்தில் விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கினால் போதும். மெட்ரோ நிலையத்துக்குள் வழிகாட்டும் புடைப்புத் தரை ஓடுகள் வாசலோடு முடிந்துவிடுகின்றன என்பதும், அதற்குப் பிறகு கல்லூரி வரையுள்ள நடைபாதையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே மாணவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதும், தினமும் அந்த வழியில் நடந்து போகும் பணியாளருக்குத் தானாகப் புரிந்துவிடும். வளாகப் பேருந்தில் போகிறவருக்கு அது புரிய வாய்ப்பில்லை.

அறக்கட்டளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்.கே. புரம் ஐந்தாம் செக்டரில் தமிழ்ச் சங்கத்துக்குப் போகும் பலருக்கு, தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தில்லிக் கிளையும் அதே செக்டரில்தான் இருக்கிறது என்பது தெரியாது. நகரத்தில் இப்படிப் பல அமைப்புகள் இருக்கின்றன. மாணவர்களுக்கான இவற்றின் முதன்மைப் பணிகளில் ஒன்று, நூல்களைத் திரைவாசிப்பானால் படிக்கத்தக்க வடிவில் மாற்றுவது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழிவிட்டது. அச்சிட்ட நூலைப் படிக்க இயலாதவர்களுக்கான 2013-ஆம் ஆண்டு மாரக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல், ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. நான் இருந்த இடத்தில் எனக்கு மேலிருந்தவர் பிறவியிலேயே பார்வையற்றவர். ஒரு பொருளாதார நூலின் வரைபடத்துக்கு "தேவைக் கோடு, அளிப்புக் கோடு" என்று மட்டும் நான் விளக்கம் எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு, "இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று நீ சொல்லவில்லை, பிறகு எதற்கு இந்தப் படம்?" என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கீழே வேலை பார்த்திராதவர்கள் இந்தத் துறையில் எவ்வளவு மேம்போக்காக இருந்துவிட முடியும் என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆனால் அறக்கட்டளையின் ஆயுள் திட்டத்தின் ஆயுள். நிறுவனச் சட்டம் 2013-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக இலாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும் என்பதால் பணம் வருகிறது. மார்ச்சில் கணக்கு முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கு வருமா என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற எண்ணைத்தான் பணம் தரும் நிறுவனங்கள் கேட்கும். ஒரே மாணவருக்காக மூன்று மாதம் செலவழித்து ஒரு புள்ளியியல் நூலை மாற்றிக் கொடுத்தால், அறிக்கையில் அது "1" என்றுதான் பதிவாகும். அதோடு, நீங்கள் எவ்வளவு நல்ல நூலைச் செய்து கொடுத்தாலும் தேர்வறைக்குள் உங்களுக்கு அனுமதி இல்லை. பல்கலைக்கழக வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

முதலில் இன்னும் படித்துவிட்டுப் பிறகு வேலைக்குப் போகலாமே என்று அக்கா ஒரு யோசனை சொன்னாள். அதில் பாதி சரி. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள்தான் சிறப்புக் கல்வியாளராகவோ மருத்துவ உளவியலாளராகவோ தொழில் செய்ய முடியும். சமூகப் பணி முதுகலையை வைத்துக்கொண்டு ஒருவருக்கு டிஸ்லெக்சியா உண்டா என்று மதிப்பிட முடியாது. ஆனால் ஒருங்கிணைப்புப் பணிக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் கட்டாயமாகக் கேட்கப்படுவதில்லை. இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, எந்த மாணவர்களோடு மனம் ஒட்டுகிறது என்று தெரிந்த பிறகு படிப்பைத் தேர்வதே செலவில்லாத வழி. ஒரே விதிவிலக்கு சைகை மொழி. ஓக்லாவில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-இல் நிறுவப்பட்டது; அங்கே சைகை மொழி பெயர்ப்பாளருக்கான இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. இரண்டு மணி நேர விரிவுரைக்கு இரண்டு பெயர்ப்பாளர்கள் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். பல கல்லூரிகளில் ஒருவர்கூடக் கிடையாது என்பதால், காது கேளாத மாணவர் முன்வரிசையில் அமர்ந்து ஆசிரியரின் உதடுகளையும் பக்கத்தில் இருப்பவரின் குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதே வழக்கமாகிவிட்டது. கையில் அந்தத் திறமை இருப்பவர் மேலே சொன்ன மூன்று இடங்களிலும் தன் நிபந்தனைகளைச் சொல்லிச் சேரலாம்.

இந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாகச் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதிதாக வருபவர்களுக்கு. அரசுப் பல்கலைக்கழக அலுவலகத்தில் இந்தி பேசினால் மட்டும் போதாது. மாணவர் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதவும், விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தவும் தெரிய வேண்டும். அது வராதவர்களுக்கு முதல் ஆண்டு வீணாகும் என்றே சொல்வேன். அவர்கள் தனியார் வளாகத்தையோ ஆங்கில நூல்களை மாற்றும் அறக்கட்டளையையோ தயங்காமல் தேர்ந்துகொள்ளலாம். என் அக்கா மகளுக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளியில் தமிழையும் இந்தியையும் ஒருசேரப் படித்தவள். சரோஜினி நகர்ச் சந்தையில் பேரம் பேசும்போது அவள் தமிழச்சி என்று யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஆக, அவளுக்கு நான் சொன்னது: மத்தியப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள். சம்பளமும் மரியாதையும் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன். தனியார் வளாகத்தில் அவள் நுட்பமாக வேலை செய்யக் கற்பாள். ஆனால் அங்கே பெரும்பாலான பொறிமுறைகள் முன்னமே அமைக்கப்பட்டிருக்கின்றன. பார்வையற்றவர், காது கேளாதவர், தலசீமியாவுக்காக மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வகுப்பைத் தவறவிடுபவர், மனநோய்க்கு மருந்து உண்பதை மறைப்பவர் என்று அத்தனை வகையினரும் ஒரே வரிசையில் வந்து நிற்பது அரசு அலுவலகத்தின் வாசலில்தான். அங்கே இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தவரைத் தனியார் பல்கலைக்கழகம் பிறகும் எடுத்துக்கொள்ளும். தனியார் வளாகத்தின் சம்பளத்துக்குப் பழகியவர் ஒப்பந்தப் பணிக்கு இறங்கி வந்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.

இந்தப் பரிந்துரைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அவளுடைய அப்பா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், ஆர்.கே. புரத்து அரசுக் குடியிருப்பைச் சில மாதங்களில் ஒப்படைத்துவிட்டு இருவரும் திருச்சிக்குப் போகிறார்கள். தில்லியில் தனியாக அறை எடுத்து, வாடகை கொடுத்து, சம்பளம் எந்த மாதம் வரும் என்று தெரியாத வேலையில் ஓர் இளம்பெண்ணை உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. மயூர் விகாரில் என் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வந்து மஞ்சள் தடத்துக்கு மாறினால் விஸ்வவித்யாலயா வந்துவிடும். அந்த அறையையும் சேர்த்துத்தான் நான் சொன்ன முடிவு நிற்கிறது. நகரத்தில் இப்படி ஒரு சித்தி இல்லாதவர்கள், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள், கல்விக் கடனுக்குத் தவணை கட்டுபவர்கள் தனியார் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காக யாரிடமும் வெட்கப்படத் தேவையில்லை.

திங்கட்கிழமை அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒப்பந்தம் பதினொரு மாதமா, ஓராண்டா? தேர்வுப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் அவளே கையெழுத்திடலாமா, பேராசிரியர் ஊரில் இல்லாத நாளில் யார் இடுவது? சென்ற பருவத்தில் கடைசி நேரத்தில் எழுத்தர் வராமல் போனபோது என்ன செய்தார்கள்? இதையெல்லாம்விட முக்கியமாக, பதிலி எழுத்தர்களின் தொலைபேசி எண்கள் அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றனவா, அல்லது இதற்குமுன் அந்த நாற்காலியில் இருந்தவருடைய கைப்பேசியில் மட்டும் இருக்கின்றனவா? இரண்டாவது என்றால், அந்தப் பெண்மணி எங்கே வேலைக்குப் போயிருக்கிறார் என்று விசாரித்து, சேரும் முன்பே அவரை ஒருமுறை நேரில் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். நான் விலகியபோது என்னிடம் அப்படி யாரும் வந்து கேட்கவில்லை. அந்த எண்கள் இன்றும் என் கைப்பேசியில்தான் இருக்கின்றன.